துணைக்கும் தெரியட்டும் டூட்டி பட்டியல்



மருத்துவ மேற்படிப்பில் சேருபவர்களில் மணமானவர்களும் உண்டு. அந்த 3 ஆண்டுகளும் குடும்பப் பொறுப்பு பெரும்பாலும் துணையின் தலையில்தான். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து, காவிரிப் பாலம் தாண்டிப் புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போகிறவர் இரவு வீடு திரும்புவாரா என்பதே தெரியாவிட்டால், குழந்தையின் தடுப்பூசி நாளையும் தன் ஷிப்டையும் துணை எப்படித் திட்டமிடுவது? தொடர்பணி 12 மணி நேரத்துக்கு மிகாமல், வாரம் 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992-லேயே வழிகாட்டியது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளும் வார விடுப்பைச் சொல்கின்றன. ஆனால் இரண்டுமே 'பணியின் அவசரத்துக்கு உட்பட்டு' என்ற வாசலைத் திறந்தே வைத்துள்ளன.

டூட்டி பட்டியலை முன்பே போடச் சொன்னால், விபத்தும் பிரசவமும் நாள் பார்த்தா வரும் என்று கேட்பார்கள். நியாயம்தான். ஆனால், நோயாளி வரும் நேரம்தான் தெரியாது. அன்று யார் டூட்டி என்பதை முன்பே முடிவுசெய்யலாம். செவிலியருக்கு ஷிப்ட் பட்டியல் போடுவது அப்படித்தானே? குடும்பக் குடியிருப்பு கட்ட நிதி வேண்டும், கூடுதல் மருத்துவர்களை நியமிக்க ஆண்டுகள் ஆகும். ஆனால், ஒரு மாதப் பட்டியலை முன்கூட்டியே ஒட்ட ஒரு தாள் போதும். மருத்துவக் கல்லூரிகள் அதை இந்தக் கல்வியாண்டிலேயே கட்டாயமாக்க வேண்டும்.

- ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்