பாரிஸா, பாங்காக்கா? நம்ம டூரை முடிவு செய்வது யார்?

போன வருஷம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து 'யூரோப் ட்ரிப்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று ரீல்ஸ் லிங்க்காக வந்து குவிந்தது. சில மாதங்களில் குரூப்பின் பெயர் 'பாங்காக் ட்ரிப்' என்று மாறிவிட்டது. மூணு பேருக்கு விசா வந்தது, ஒருத்திக்கு வரவில்லை. அவளை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனசு வரவில்லை.

அவள் ஃப்ரீலான்ஸ் டிசைனர். எங்களில் அதிகம் சம்பாதிப்பதும் அவள்தான். ஆனால் காட்டுவதற்கு சம்பள ஸ்லிப் இல்லை, லீவு லெட்டர் கொடுக்க மேனேஜர் இல்லை. பயணம் முடிந்து ஊர் திரும்புவாளா என்பதில் சந்தேகம் இருக்கிறது என்று, அச்சடித்த ஃபார்மில் ஒரு டிக் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

அப்போதுதான் யோசித்தேன். தூர தேசத்துக்கு டூர் போவதை உண்மையில் எது முடிவு செய்கிறது?

இழுப்பது எது?

வீட்டிலிருந்து நம்மைத் தள்ளும் காரணங்கள், அந்த ஊர் நம்மை இழுக்கும் காரணங்கள் என்று சுற்றுலா ஆய்வாளர்கள் இதை இரண்டாகப் பிரிப்பார்கள். வேலை அலுப்பு தள்ளும். ஈஃபிள் டவர் இழுக்கும்.

இழுப்பதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1998-ல் வந்த 'ஜீன்ஸ்' ஒரே பாட்டில் உலக அதிசயங்களைச் சுற்றிக் காட்டியது. 2010-ல் 'எந்திரன்' பெருவில் உள்ள மச்சு பிச்சு வரை போனது. இப்போது அந்த வேலையை இன்ஸ்டாகிராம் பார்க்கிறது. ஆசைக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை.

லீவும் காசும்

அடுத்தது நேரம். அஞ்சு நாள் லீவு போட்டு, முன்னும் பின்னும் வரும் வீக்கெண்டைச் சேர்த்தால் மொத்தம் ஒன்பது நாள். சென்னையிலிருந்து பாங்காக்குக்கு மூன்றரை மணி நேரம் போதும். பாரிஸுக்கு வளைகுடா வழியாக மாறிப் போனால் 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். போக ஒரு நாள், வர ஒரு நாள் கழிந்துவிடும்.

காசு கணக்கும் சாதாரணமில்லை. ஒரு யூரோ 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. பாரிஸில் ஒரு காபி வாங்கினாலே மனசு ரூபாயில் பெருக்கிப் பார்க்கும்.

ஆனாலும் லீவைச் சேர்த்து வைக்கலாம். காசையும் மாசாமாசம் எடுத்து வைக்கலாம். இந்த இரண்டும் ஓரளவு நம் கையில் இருக்கிறது. மூன்றாவது அப்படி இல்லை.

கதவைத் திறப்பவர் வேறு

ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குச் சேர்த்துத் தரப்படும் ஷெங்கன் விசாவை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூனில் இதன் கட்டணம் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்ந்தது. நாலு பேர் என்றால் 36,000 ரூபாய்க்கு மேல், அதுவும் விண்ணப்ப மையத்தின் சர்வீஸ் சார்ஜ் தனி. பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், ஹோட்டல் புக்கிங், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு எல்லாம் வேண்டும். பதில் வழக்கமாக 15 நாளில் வரும், சில நேரம் 45 நாள் வரை இழுக்கும்.

2024-ல் இந்தியாவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த விசாவுக்கு விண்ணப்பித்தார்கள். ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்குக் கிடைக்கவில்லை. நிராகரித்தால் கட்டணம் திரும்ப வராது.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2023 நவம்பரில் தாய்லாந்தும், டிசம்பரில் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் கதவைத் திறந்தன. வியட்நாமுக்கு 25 டாலர் கட்டி ஆன்லைனிலேயே இ-விசா எடுத்துவிடலாம். ஆபீஸில் யாரைக் கேட்டாலும் 'வியட்நாம் போயிட்டு வந்தேன்' என்பது சும்மா இல்லை.

'அப்படின்னா விசா மட்டும்தான் காரணமா?' என்று கேட்கலாம். இல்லை. ஃபிஜிக்கு நமக்கு முன்கூட்டியே விசா தேவையில்லை. ஆனால் பாரிஸ் சென்னையிலிருந்து சுமார் 8,000 கி.மீ. என்றால், ஃபிஜி 11,000 கி.மீ.க்கு மேல். நேரடி விமானமும் கிடையாது. நம் நண்பர்களில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள்? நேரம், காசு, விமானம் எல்லாம் முக்கியம்தான். ஆனால் அவை எல்லாம் கூடி வந்த பிறகும் தடுக்கக்கூடியது விசா.

முதல் விசாதான் சிக்கல்

2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியர்களுக்கு ஒரு சலுகை கொடுத்தது. கடந்த மூன்று ஆண்டில் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி, விதிப்படி பயன்படுத்தியிருந்தால், அடுத்து இரண்டு ஆண்டு செல்லும் விசா வாங்கலாம். அதற்கடுத்து ஐந்து ஆண்டு விசா.

நல்ல விஷயம்தான். ஆனால் இது ஏற்கெனவே உள்ளே போனவர்களுக்கு. 'முன் அனுபவம் தேவை' என்று கேட்கும் முதல் வேலை மாதிரி, முதல் விசா வாங்குவதுதான் கஷ்டம். அங்கே மாட்டுவது ஃப்ரீலான்ஸர்கள், புதுசாகத் தொழில் தொடங்கியவர்கள், சொத்து எதுவும் தன் பெயரில் இல்லாத இளைஞர்கள்.

யாரை உள்ளே விடுவது என்பது அந்தந்த நாட்டின் உரிமை. டூரிஸ்ட் விசாவில் போய்த் தங்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் மாதச் சம்பளத்தை மட்டும் 'திரும்பி வருவார்' என்பதற்கு அடையாளமாக வைத்திருப்பது பழைய கணக்கு. மூணு வருஷம் ஒழுங்காக வரி கட்டிய ஃப்ரீலான்ஸர், போன மாசம் வேலைக்குச் சேர்ந்தவரைவிட எப்படி சந்தேகத்துக்குரியவர் ஆவார்? நிராகரிப்புக்கு டிக் மட்டும் போடாமல் இரண்டு வரி காரணம் எழுதலாம். கட்டணத்தில் பாதியையாவது திருப்பித் தரலாம். வர்த்தகம் பேசும்போது நம் அரசும் இதைப் பேச வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

அதுவரை சில விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், எனவே கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பியுங்கள். விசா கையில் வரும்வரை கேன்சல் செய்ய முடியாத டிக்கெட் போடாதீர்கள். கடன் வாங்கி அக்கவுன்ட்டில் திடீரென்று பணம் போட்டுக் காட்டுவது சந்தேகத்தைத்தான் கூட்டும். நிராகரித்தால் மேல்முறையீடு செய்ய உரிமை உண்டு.

இன்னொன்று, விசா கிடைக்காதது உங்கள் தகுதிக்குக் கிடைத்த மார்க் இல்லை. எங்கள் தோழி அந்த லெட்டரை வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. 'ஏன்டி, ஏதோ தப்பு பண்ண மாதிரி இருக்கே' என்று கேட்டபோது, 'அப்படித்தான்டி ஃபீல் ஆகுது' என்றாள்.

பாங்காக் நல்லாத்தான் இருந்தது. எங்கள் மூணு பேர் பாஸ்போர்ட்டிலும் அந்த விசா ஸ்டிக்கர் பயன்படுத்தாமலே காலாவதியாகிவிட்டது. இந்த வருஷம் அவள் மறுபடியும் விண்ணப்பிக்கப் போகிறாள். நாங்களும் மறுபடி முதலிலிருந்து.