நாவும் நம்பிக்கையும்

ஒருவர் வாய் திறந்ததும் அவர் இன்ன ஊரார், இன்ன வீட்டார் என்பதை நாம் அறிந்துகொள்கிறோம். பிரதான ஆசாரியரின் முற்றத்திலே குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுருவுக்கும் இதுவே நேர்ந்தது. இயேசுவை அறியேன் என்று அவர் மறுத்துக்கொண்டிருக்கையில், அவருடைய கலிலேயப் பேச்சே அவரை இன்னாரென்று அருகில் நின்றோருக்குக் காட்டிவிட்டது. அவர் சொன்ன சொல் பொய். சொன்ன ஓசையோ மெய்!

கல்முனைச் சந்தையில் ஒரு நாழிகை நின்று கேட்போருக்கு இது நன்கு விளங்கும். அங்கே எல்லாரும் பேசுவது ஒரே தமிழ்தான். ஆயினும், 'சுகமா?' என்று கேட்டால், 'அல்ஹம்துலில்லாஹ்' என்பார் ஒருவர். 'கர்த்தருடைய கிருபையால் சுகம்' என்பார் இன்னொருவர். 'முருகன் புண்ணியத்தில் இருக்கிறோம்' என்பார் மூன்றாமவர். ஒரு வீட்டில் தந்தை 'வாப்பா'. அடுத்த வீட்டில் 'அப்பா'. ஒருவர் மௌத்தானார் என்று ஒரு வீட்டில் சொல்வர். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று மற்றொரு வீட்டில் சொல்வர். நம்பிக்கை இவ்வாறு நாவிலே குடியிருக்கிறது.

இக்கரையிலே கிறிஸ்தவர் தொகை சிறிது. 1814 ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் பாதிரியாரோடு அப்பகுதியில் தொடங்கியது மெதடிஸ்த திருப்பணி. அத்திருச்சபையார் பின்னர் கல்முனையிலும் பள்ளிக்கூடம் நடத்தினர். காரைதீவிற் பிறந்து, பிற்காலத்தில் விபுலானந்த அடிகளாக விளங்கிய பெரியார் அங்கே பயின்றவரே. சிறு தொகையினரின் சொல்லை அயலார் கூர்ந்து கேட்பது இயல்பு. வேதாகமத்தைத் திறந்து பாராத ஒருவர், கிறிஸ்து மார்க்கம் எத்தகையது என்பதைத் தமக்குத் தெரிந்த இரண்டொரு வேதக்காரரின் பேச்சிலிருந்தே மதிப்பிடுவார்.

நாளை இன்ன பட்டணத்துக்குப் போவோம், வாணிகஞ் செய்வோம், இலாபம் பெறுவோம் என்று உறுதியாகப் பேசுவோரை யாக்கோபு தமது நிருபத்திலே கண்டிக்கிறார். ஆண்டவருக்குச் சித்தமானால் என்று சொல்லும்படி கற்பிக்கிறார். திருக்குர்ஆனின் 18 ஆம் அத்தியாயமும், நாளை இதைச் செய்வேன் என்று கூறுவோர் இறைவன் நாடினால் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. இரு மார்க்கத்தாரும் ஒரே தாழ்மையையே பயின்றிருக்கின்றனர்.

ஆனால், இந்தத் தாழ்மையான சொல்லை நாம் எவ்வாறு வழங்குகிறோம்? மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்றைக் கடனாக வாங்கிய ஒருவர், 'கர்த்தருக்குச் சித்தமானால் வெள்ளிக்கிழமை பணம் தருவேன்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையிலே பணம் இருக்கிறது. கொடுக்கும் எண்ணந்தான் இல்லை. அந்த வெள்ளியும் போகிறது, அடுத்த வெள்ளியும் போகிறது. தம் குற்றத்தை அவர் கர்த்தர்மேல் ஏற்றிவிட்டார் அல்லவா? அந்த நெசவாளர் இனி அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம், 'தரமாட்டேன்' என்றே பொருள் கொள்வார். ஆணையிட வேண்டாம், ஆம் என்பதற்கு ஆம் என்றும் இல்லை என்பதற்கு இல்லை என்றும் சொன்னாற் போதும் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு கற்பித்தது இங்கே நினைக்கத்தக்கது.

இதனினும் கடுமையான சோதனை ஒன்று உண்டு. அது, எதிரில் இல்லாத அயலாரைப் பற்றி நாம் பேசும் பேச்சு. 2019 ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். ஐந்து நாட்களின் பின், கல்முனையை அடுத்த சாய்ந்தமருதில் அக்கொடியோரின் கூட்டத்தார் பதுங்கியிருந்த வீடு சூழப்பட்டது. அவ்வீட்டைப் பற்றி ஐயங்கொண்டு அறிவித்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அழாதிருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. குற்றஞ் செய்தவனைக் குற்றவாளி என்பதும் நியாயமே. ஆனால், 'இவர்கள் எல்லாருமே இப்படித்தான்' என்று ஒரு கிறிஸ்தவ வீட்டில் எவரேனும் சொன்னால், அந்தச் சொல் உயிரைத் துச்சமாக எண்ணி உண்மையை அறிவித்த அயலவரையும் குற்றவாளியாக்கி விடுகிறது. அது பொய்ச்சாட்சி. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பது பத்துக் கட்டளைகளுள் ஒன்றென்பதை நாம் மறக்கலாகாது. இவ்வாறே தங்களைப் பற்றி அயலார் சொல்லக் கேட்டு நொந்தவர்கள் இக்கரையின் எல்லாச் சமூகத்தாரிலும் உண்டு.

ஒரே நாவினால் தேவனைத் துதித்து, அவர் சாயலாகப் படைக்கப்பட்ட மனிதரைச் சபிப்பது தகாது என்றும், ஓர் ஊற்றிலிருந்து தித்திப்பும் கசப்பும் சுரப்பதில்லை என்றும் யாக்கோபு கூறுகிறார். இந்த உவமையைக் கல்முனையார்க்கு விளக்கவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் நாட் கடற்கோள் இக்கரையின் கிணறுகள் பலவற்றை உவராக்கியது. கடல் வந்து போனது சிறிது நேரமே. கிணற்று நீர் மீண்டும் குடிக்கத்தக்கதாவதற்கோ நெடுநாள் வேண்டியிருந்தது. வீட்டிலே விழும் கடுஞ்சொல்லும் அத்தகையதே.

ஆகையால் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இரவில் ஜெபம் முடிந்து, உணவுக்கு அமர்ந்தபின் நாம் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜெபத்தில் வந்த 'எங்கள் பிதாவே' என்னும் சொல்லையும், உணவு வேளையில் வந்த 'அவர்கள்' என்னும் சொல்லையும் அவர்கள் அருகருகே வைத்து எண்ணிப் பார்ப்பார்கள். மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. அயலாரைப் பற்றி ஒரு செய்தி வந்தால், அதைப் பிறரிடம் சொல்லுமுன், அந்த அயலார் முன்னிலையில் இதைச் சொல்வேனா என்று ஒரு முறை நினைத்துப் பாருங்கள். சொல்லமாட்டேன் என்று தோன்றினால், அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.