மொட்டை மாடியில் ஒரு லட்சம்

பி.காம். படித்தவனிடம் உலகம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். ஓட்டலில் ஆறு பேர் சாப்பிட்டால் பில்லை ஆறால் வகுத்துச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் எங்களுக்கு மரியாதை கிடையாது. ஆனால், எங்கள் கூட்டத்திலும் ஒரு பெரிய ஆசாமி இருந்திருக்கிறார். ஜே.சி.குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குப் படித்து, பம்பாயில் ஆடிட்டராக இருந்து, அமெரிக்காவுக்குப் போய் சிரக்யூஸ், கொலம்பியா என்று மேலே மேலே படித்துவிட்டு, 1929-ல் காந்தியைப் பார்க்கப் போனார். அத்தோடு கோட்டு சூட்டு போச்சு! கதர் கட்டிக்கொண்டு கிராமத் தொழில்களுக்குக் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார். ஜெயிலில் இருந்தபோது எழுதிய ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’ 1945-ல் வெளிவந்தது.

அதில் அவர் சொல்வது அக்மார்க் காமர்ஸ். நிலக்கரி, பெட்ரோல் மாதிரி எடுக்க எடுக்கத் தீர்ந்து போகிற சொத்து ஒரு வகை. காடு, ஆறு மாதிரி வந்துகொண்டே இருப்பது இன்னொரு வகை. பின்னதை வைத்துப் பிழைக்கிறவன் வரவில் வாழ்கிறான். முன்னதை மட்டுமே நம்புகிறவன் முதலைத் தின்கிறான். கை நிறையச் சம்பளம் இருக்கும்போதே ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்து டீ குடிக்கிறவனுக்கு ஆபீசில் என்ன பட்டப்பெயர் வைப்போம்? தண்ணீர் விஷயத்தில் அந்தப் பெயர் சென்னைவாசிகள் அத்தனை பேருக்கும் பொருந்தும்.

நம்பிக்கை இல்லையா? கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு வாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது கச்சிதமாக ஒரு லிட்டர். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1,300 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மாடி என்றால் 93 சதுர மீட்டர். பெருக்கினால் 1,20,900 லிட்டர். சிந்தியது, சிதறியது, காய்ந்தது எல்லாம் போக ஒரு லட்சம் என்று வையுங்கள். 12,000 லிட்டர் லாரியில் எட்டு லாரிக்கு மேல்! வானத்திலிருந்து டோர் டெலிவரி. டிப்ஸ் கூடக் கிடையாது.

இதை நாம் என்ன செய்கிறோம்? குழாய் வழியாகத் தெருவில் விட்டு, தெருவிலிருந்து சாக்கடைக்கு அனுப்பி, கடலில் சேர்த்துவிட்டு, லாரிக்கு போன் போடுகிறோம். 2015 டிசம்பரில் படகு விட்ட ஊர் இது. அதே ஊருக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். இரண்டுக்கும் நடுவே நாலு வருஷம்கூட இல்லை.

“சட்டம் இருக்கே சார்?” இருக்கிறது. எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-லேயே வந்துவிட்டது. எங்கள் அபார்ட்மென்ட் செயலாளரும் அதைத்தான் சொன்னார்.

“நம்மகிட்ட ஏற்கனவே இருக்கு சார். பிளான்லயே போட்டிருக்கு.”

“மூடியைத் திறந்து பார்த்தீங்களா?”

“எதுக்குத் திறக்கணும்? அதான் அப்ரூவல் வாங்கியாச்சே!”

திறந்தோம். உள்ளே கெட்டித்துப்போன சேறு, இரண்டு டென்னிஸ் பந்து, ஒற்றைச் செருப்பு. மழைத்தண்ணீரைத் தவிர எல்லாம் சேகரமாகியிருந்தது.

செயலாளரின் யோசனை வேறு. போர்வெல்லை இன்னும் நூறு அடி இறக்கிவிடலாம் என்றார். பாதிப் பேர் கையைத் தூக்கிவிட்டார்கள். அப்போது, எங்கள் கட்டடத்தில் மூன்று வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கிற அம்மா, காபி டம்ளர்களை எடுக்க வந்தவர், போகிற போக்கில் சொன்னார்: “இப்பவே உங்க மோட்டார் ஓடுனா எங்க தெரு பம்பு காத்துதான் சார் விடுது. ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் நாலு குடம் தேறும். இன்னும் ஆழமாப் போட்டா அதுவும் இல்லே.”

மினிட்ஸ் புத்தகத்தில் இது பதிவாகவில்லை. ஆனால், தூக்கிய கைகளில் சில இறங்கின. போர்வெல் தீர்மானம் ‘தற்காலிகமாக’ ஒத்திவைக்கப்பட்டது. நம் ஊரில் தற்காலிகத்துக்கு ஆயுசு ஜாஸ்தி என்பதுதான் எனக்குத் தைரியம்.

அடுத்த தெருக் கொத்தனார், ஒரு சித்தாள், இரண்டு நாள் வேலை. குழியைத் தோண்டிச் சுத்தம் செய்து, ஜல்லியும் மணலும் புதிதாகப் போட்டு, மாடிக் குழாய்களை ஒன்றாக்கி, பின்பக்கம் குப்பை கொட்டிக்கொண்டிருந்த பழைய கிணற்றைத் தூர்வாரி அதில் இறக்கினார்கள். லாரிக்குக் கொடுக்கும் பணம் ஊரைத் தாண்டிப் போய்விடுகிறது. அந்த லாரி கொண்டு வருவதும் ஏதோ ஒரு புறநகர்க் கிராமத்தின் விவசாயக் கிணற்றுத் தண்ணீர்தான். கொத்தனார் கூலி எங்கள் தெரு டீக்கடைக்கே திரும்பி வந்துவிட்டது. குமரப்பாவின் கிராமக் கணக்கு இதேதான்!

ஒரு எச்சரிக்கை. எல்லா மண்ணும் ஒன்றல்ல. பெசன்ட் நகர் பக்கம் கடற்கரை மணல், சின்னக் குழி போதும். அங்கேதான் சேகர் ராகவன் என்கிற இயற்பியல்காரர் 1990-களிலேயே வீடு வீடாகக் கதவைத் தட்டி இதைச் சொன்னார். தி.நகரில் களிமண். இருக்காதா பின்னே? அது ஒரு காலத்தில் ஏரி! அங்கெல்லாம் களிமண்ணைத் தாண்டி ஆழமாகக் கிணறு இறக்க வேண்டும். மாடியில் துணி காயப்போடலாம், வடாம் காயவைக்கலாம். பெயின்ட் டப்பாவும் ஆசிட் கேனும் வைக்கக்கூடாது. முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். அது மாடியைக் கழுவிய தண்ணீர்.

“நான் திருவல்லிக்கேணி மேன்ஷன்ல ஒண்டிக்கட்டை. எனக்கு எதுக்கு இது?” என்கிற தம்பிகளுக்கு: ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் குடிக்கக் கொடுத்தால் இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துக்கட்டுகிறது. அதன் குழாய்க்குக் கீழே ஒரு பக்கெட் வையுங்கள். அறை துடைக்க, பக்கெட்டையே கழுவ, எல்லாவற்றுக்கும் அது போதும். ஏ.சி. சொட்டுவதும் அப்படியே. பாக்கெட்டில் மஞ்சப்பை மடித்து வைத்துக்கொள்வதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது, ஊரே சொல்லியாயிற்று.

வீட்டு ஓனரிடம் குழியைப் பற்றிப் பேசுவதென்றால் வாடகை கொடுக்கும் தேதியில், கையில் பணத்தோடு பேசுங்கள். அன்றைக்குத்தான் காது கேட்கும். கொத்தனாரைப் புரட்டாசி முடிவதற்குள் பிடித்துவிடவும். ஐப்பசி பிறந்து நாலு தூறல் விழுந்துவிட்டால் ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில் ஞாபகம் வரும். அவர் போனை எடுக்க மாட்டார்.