சிட்டையும் பேரேடும்



"உலகம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது" என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். வந்தது உண்மைதான். ஆனால் கையில் இருக்கும் போனும், மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றனவா என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? "அதெல்லாம் தானா சிங்க் ஆயிடும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த 'சிங்க்' என்ற ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இக்கட்டுரை.

மண்டிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. என் அப்பா திண்டுக்கல்லில் வெங்காய மூட்டை இறக்குகிறவர். யார் எத்தனை மூட்டை இறக்கினார் என்று கணக்கப்பிள்ளை சிட்டையில் குறிப்பார். சாயங்காலம் அது பேரேட்டில் ஏறும். சனிக்கிழமை கூலி பேரேட்டைப் பார்த்துத்தான். ஒரு வாரம் சிட்டையில் இருந்த 40 மூட்டை பேரேட்டில் ஏறவே இல்லை. கூலியில் துண்டு விழுந்தது. பள்ளிக்கூடம் போகாத அப்பா சொன்னார்: "எழுதினதுல தப்பில்லடா, ஏத்தினதுலதான் தப்பு." கம்ப்யூட்டர் படிக்கும் எனக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

இந்தச் சிட்டை வேலையைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்த கருவி, 1996-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'பைலட்'. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், எலக்ட்ரானிக்ஸில் கை வைப்பதற்கு முன்பு அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தாராம். ஒர்க்ஷாப்பில் ரம்பம் பிடித்த நமக்கு இது பெருமைதானே! முதல் மாடலின் நினைவகம் வெறும் 128 கிலோபைட். முகவரி, நாட்காட்டி, செய்ய வேண்டியவை, குறிப்பு, இவைதான் அதில் முக்கியமானவை. ஆனாலும் ஆபீஸ்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். காரணம், கம்ப்யூட்டரோடு இணைத்த ஒரு தாங்கியில் வைத்து ஒரே பட்டனை அழுத்தினால், சிட்டை பேரேட்டில் ஏறிவிடும். பேரேட்டில் மாறியது சிட்டைக்கும் வந்துவிடும். கடைசியாகச் சேர்த்த பிறகு எந்தக் குறிப்பு மாறியது என்று கருவியே அடையாளம் வைத்துக்கொள்ளும். அதனால் மாறியதை மட்டும் அனுப்பினால் போதும்.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் பொறியாளர்களும் சேர்ந்து 'சிம்ப்யூட்டர்' என்ற கைக்கணினியை வடிவமைத்தார்கள். 2004-ல் அது விற்பனைக்கு வந்தது. ஒரே கருவியைப் பலர் பகிர்ந்துகொண்டு, அவரவர் விவரத்தை அவரவர் ஸ்மார்ட் கார்டில் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. எண்ணம் மட்டும் நம்மைப் போன்றவர்களை நினைத்துப் பிறந்தது.

சரி, சிட்டையில் ஒன்றும் பேரேட்டில் வேறொன்றும் இருந்தால் எது செல்லும்? இதுதான் முக்கியமான கேள்வி. ஒரே குறிப்பை இரண்டு பக்கமும் மாற்றியிருந்தால், அன்றைய பைலட் இரண்டையும் வைத்துக்கொண்டு முடிவை நம்மிடம் விட்டது. 'கடைசியாக எழுதியதே செல்லும்' என்று முடிவு கட்டும் முறைகளும் உண்டு. அதில் சரியான தேதி சத்தமில்லாமல் அழிந்துபோகலாம். மெயிலிலும் இதே கதைதான். பாப் முறையில் ஒரு கம்ப்யூட்டர் மெயிலை இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்துவிட்டால், அடுத்த கருவிக்கு ஒன்றும் மிஞ்சாது. 1986-ல் தொடங்கிய ஐமாப் முறையில் சர்வர்தான் பேரேடு, மற்றதெல்லாம் சிட்டை.

"கூகுள் பார்த்துக்கும், உனக்கென்ன கவலை?" என்று கேட்கலாம். நம் சீனியர் ஒருவருக்கு நடந்ததைக் கேளுங்கள். வேலைக்கு விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டரில் ஒரு மெயில் ஐடி உண்டாக்கிக் கொடுத்தார்கள். அவர் போனில் இருந்ததோ வேறு ஐடி. நேர்முகத் தேர்வை முன்கூட்டி வைத்துவிட்டதாக வந்த மெயில் அந்தப் பழைய ஐடியிலேயே தூங்கியது. போன் நாட்காட்டி பழைய தேதியைக் காட்டியது. கோயம்புத்தூர் வரை போய், "தேர்வு முந்தாநாளே முடிஞ்சிருச்சு தம்பி" என்ற பதிலோடு திரும்பினார். வீட்டில் படித்த அண்ணனோ அக்காவோ இருந்தால், "மெயில் பாத்தியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். முதல் தலைமுறையாய்ப் படிக்க வந்த நமக்கு அந்த ஞாபகமூட்டல் கிடையாது. நமக்கு நாட்காட்டிதான் அண்ணன்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு மாணவர்களுக்காக லேபில் ஒரு மாலை ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் ஒரே ஐடியைத் தன் போனிலும் லேப் கம்ப்யூட்டரிலும் திறக்கட்டும். போனில் ஒரு தேதி எழுதி, கம்ப்யூட்டரில் வருகிறதா என்று பார்க்கட்டும். அங்கே அதை மாற்றி, போனில் மாறுகிறதா என்று பார்க்கட்டும். நேர மண்டலம் இந்திய நேரமா என்று சரிபார்க்கட்டும். தப்பாயிருந்தால் பத்து மணித் தேர்வு வேறு மணியில் நிற்கும். போகும்போது லேப் கம்ப்யூட்டரில் லாக் அவுட் செய்ய மறக்க வேண்டாம். செலவு ஒரு பைசா இல்லை.

நாளை நாம் வேலைக்குப் போகும் அலுவலகங்களில் யாருடைய கூலியோ, யாருடைய மருத்துவத் தேதியோ நாம் ஏற்றும் பேரேட்டில்தான் இருக்கும். எழுதினால் மட்டும் போதாது தோழர்களே, ஏறியதா என்று பார்ப்போம்!

— கணினித் துறை மாணவன்