போன மின்சாரம் எந்த வழியாகத் திரும்புகிறது?

பேட்டரி ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் மலிவான எல்.இ.டி பல்பைப் போட்டதும், சில வீடுகளில் 'கர்ர்ர்' என்று இரைச்சல் கிளம்பும். அணைத்தால் பாட்டு தெளிவாகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒயர் கிடையாது. பல்புக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட், யாரும் கேட்காமலே ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையமாகிவிடுகிறது. இதற்குப் பெயர் மின்காந்தக் குறுக்கீடு.

வீட்டில் இது வெறும் எரிச்சல். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அதே கடற்கரையில் இருக்கும் கல்பாக்கத்தில் அப்படி விட்டுவிட முடியாது. அங்கே தலா 220 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் இருக்கின்றன. 1985 அக்டோபர் 18 அன்று இயங்கத் தொடங்கிய அதிவேக ஈனுலையும் அங்கேதான் இருக்கிறது. பொதுவாகவே, அணு உலையில் நியூட்ரான்களை அளக்கும் கருவியிலிருந்து வரும் மின்னோட்டம், ஓர் ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவாகவும் இருக்கலாம். அதில் இரைச்சல் கலந்தால், ஆபத்தே இல்லாதபோதும் உலை நின்றுவிடலாம். அணுமின் நிலையத்துக்குள் வாக்கி டாக்கி பயன்படுத்தினால் கருவிகள் தவறாக இயங்கக்கூடும் என்று அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1983-லேயே எச்சரித்தது.

இதற்காகத்தான் ஒரே அளவை மூன்று கருவிகள் தனித்தனியாக அளந்து, இரண்டாவது ஒத்துப்போனால் உலையை நிறுத்துவது என்ற ஏற்பாடு உண்டு. ஆனால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் மூன்றையும் ஒரே நேரத்தில் தாக்கினால்? அதனால்தான் சர்க்யூட் போர்டில் செம்பை எப்படி வரைகிறோம் என்பது முக்கியமாகிறது.

போர்டில் தெரியும் மெல்லிய கோடுகள் செம்புத் தடங்கள். அவற்றின் தடிமன் பொதுவாக 35 மைக்ரான். ஒரு தடத்தில் போகும் மின்சாரம், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். போகும் வழியும் திரும்பும் வழியும் சேர்ந்தால் ஒரு வளையம். அந்த வளையம்தான் ஆன்டெனா. அதன் பரப்பு இரட்டிப்பானால் கிளம்பும் அலையின் வலிமையும் இரட்டிப்பாகும். அதிர்வெண் இரட்டிப்பானாலோ நான்கு மடங்காகும். அதே வளையம் வெளி இரைச்சலையும் உள்ளே இழுக்கும்.

வளையத்தைச் சின்னதாக்க ஒரு வழி உண்டு. தடத்துக்கு நேர் கீழே, இடைவெளி இல்லாத செம்புத் தகடாக கிரவுண்டை விரித்துவிட வேண்டும். வேகமாக மாறும் மின்னோட்டம் தானாகவே தடத்துக்கு அடியில் ஒட்டியபடி திரும்பிவிடும்.

அந்தத் தகட்டில் ஒரு பிளவு விழுந்தால்தான் சிக்கல். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிறவர்கள் பக்கிங்காம் கால்வாயைக் கடந்தாக வேண்டும். பாலம் இருக்கும்வரை கவலையில்லை. அது இல்லையென்றால் அடுத்த பாலம்வரை சுற்ற வேண்டும். மின்சாரமும் பிளவைச் சுற்றிக்கொண்டு போகும், வளையம் பெரிதாகிவிடும். இன்னொரு தடத்துக்கு இடம் போதவில்லை என்று கிரவுண்டைக் கீறுவது, புதிதாகப் போர்டு வரையும் மாணவர்கள் அடிக்கடி செய்வது.

இரண்டு அடுக்கு போர்டில் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் இருக்கும். நான்கு அடுக்கு போர்டில் அதை 0.2 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைக்கலாம். வளையம் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். செலவு கொஞ்சம் கூடும்.

செய்து முடித்த கருவியைச் சோதிக்க, சென்னை தரமணியில் சமீர் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. சோதனையில் தேறாவிட்டால் உலோகப் பெட்டி, ஃபெரைட் வளையம், மறுபடியும் போர்டு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். வரையும்போதே ஒவ்வொரு தடத்தையும் விரலால் தொடர்ந்து போய், 'இது எந்த வழியாகத் திரும்பும்?' என்று கேட்டுப் பார்க்கப் பத்து பைசா செலவில்லை.