நாடா எப்போது எறிபொருள் ஆகிறது?

எறிபொருள் இயக்கக் கணக்கில் மாணவர் இடறுவது பெரும்பாலும் சூத்திரத்தை எழுதும் முன்பே நடந்துவிடுகிறது. எந்தப் பொருள், எந்தக் கணத்திலிருந்து, எந்த விசையின் கீழ் இயங்குகிறது என்று பார்க்காமலே கிடைத்தள நெடுக்கச் சமன்பாட்டில் எண்களைப் போட்டுவிடுகிறார். விடை ஒன்று வந்துவிடும். அது சரியா என்று சோதிக்க அவர் கையில் எதுவும் இருக்காது.

கைவிட்ட பிறகு புவியீர்ப்பு ஒன்று மட்டுமே செயல்படும் பொருளே எறிபொருள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதை எறியம் என்கின்றன. இரண்டு சொற்களிலும் ‘எறி’ முன்னால் நிற்பதால், எறியப்பட்டதெல்லாம் எறிபொருள் என்ற எண்ணம் வகுப்பில் எளிதாகப் பரவுகிறது. அதைக் கலைக்கத் திருத்தணிக்கு அருகே, ஆந்திர எல்லையை ஒட்டிய பொதட்டூர்பேட்டையில் பாடப்புத்தகத்தைத் திறக்கவே வேண்டியதில்லை. நெசவாளர் ஊர் அது. விசைத்தறி ஓடும் எந்த வீட்டிலும் உதாரணம் கிடைக்கும்.

தறியின் ஒரு பக்கத்தில் உள்ள கட்டை தட்டிவிட, ஊடை இழையைச் சுமக்கும் நாடா மேல்பாவுக்கும் கீழ்பாவுக்கும் நடுவே பாய்ந்து மறுபக்கப் பெட்டியில் போய் நிற்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது எறிபொருள்தான். நாடா நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் 1.2 மீட்டர் அகலத்தைக் கடக்கிறது என்று கொண்டால் ஆகும் நேரம் 0.1 நொடி. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என வைத்தால், அந்த நேரத்தில் தாங்கல் இல்லாத பொருள் 5 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்க வேண்டும். நாடா அப்படி இறங்குவதில்லை. கீழ்பாவும் அதற்கு அடியிலுள்ள பலகையும் அதைத் தாங்குகின்றன. எடைக்கு எதிராகச் செங்குத்து விசை ஒன்று இருக்கும்வரை நாடா எறிபொருள் ஆகாது. எறியப்பட்ட பொருள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அதே நாடா ஒரு நாள் பாவு இழை சிக்கியோ தட்டு பிசகியோ தறியை விட்டு வெளியே பறக்கும். நெசவுக் கூடத்தில் எல்லோரும் பயப்படும் விபத்து இது. பலகையை விட்டு நீங்கிய அந்தக் கணத்திலிருந்து அது முழு எறிபொருள். தரையிலிருந்து 0.8 மீட்டர் உயரத்தில், கிடையாக, நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் தரையைத் தொட 0.4 நொடி ஆகும். அதற்குள் 4.8 மீட்டர் போய்விடும். 2.4 மீட்டர் தள்ளி அடுத்த தறி இருந்தால் அங்கே போகும்போது 20 சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும், அதாவது தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே நிற்பவரின் தொடையில் படும் உயரம். நாடாவின் எடை எவ்வளவு என்று ஒரு மாணவராவது கேட்பார். கேட்கட்டும். எடை இந்தக் கணக்கில் நுழைவதே இல்லை என்பதை அவரே கண்டுபிடிக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

ராக்கெட்டும் இதே சோதனைக்கு உட்பட்டதுதான். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் மைசூர்ப் படை ஏவிய இரும்புக் குழாய் ராக்கெட்டுகள், மருந்து எரியும்வரை எறிபொருள் அல்ல. உந்துவிசை நின்ற பிறகே அவற்றின் பாதைக்குப் பரவளையம் என்று பேர் வைக்க முடியும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இன்று கிளம்பும் ராக்கெட்டுக்கும் இந்த வரையறை மாறுவதில்லை.

எறிபொருள்தான் என்று உறுதியான பின் வருவது அச்சுகள். தொடக்கப் புள்ளி எது, நேரம் எப்போது சுழியம், எந்தத் திசை நேர்க்குறி என்ற மூன்றையும் தாளில் எழுதிவிட்டே மேலே போக வேண்டும். கிடைத்திசையில் முடுக்கம் இல்லை, செங்குத்துத் திசையில் முடுக்கம் மாறுவதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பாதை பரவளையம் என்று 1638-இல் அச்சான தம் நூலில் கலிலியோ காட்டினார். இரு திசைகளுக்கும் பொதுவாக இருப்பது நேரம் மட்டுமே. ஒரு திசையில் நேரத்தைக் கண்டு மறுதிசையில் போட்டால் கணக்கு முடிந்தது. பறக்கும் நேரம், பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம் என்று மனப்பாடம் செய்யப்படும் மூன்று சூத்திரங்களும் இந்த வழியின் ஒரு தனி நிலைக்கு உரியவை. எறிந்த மட்டத்திலேயே பொருள் விழ வேண்டும் என்பது அந்த நிலை.

சமதளத்தில் வாழ்பவருக்கு அந்த நிபந்தனை உறுத்தாது. 365 படி ஏறிப் போகும் திருத்தணி மலையைச் சுற்றி வாழும் பிள்ளைகளுக்கு உறுத்த வேண்டும். பாறை மேல் நின்று கல்லெறியாத பையன் அந்தப் பக்கத்தில் அரிது. எனவே ஒரு பாறைக் கணக்கு: தரையிலிருந்து 20 மீட்டர் உயரம், வேகம் நொடிக்கு 20 மீட்டர், எறிகோணம் கிடைத்தளத்துக்கு மேலே 30 பாகை. கல் எவ்வளவு தூரத்தில் விழும்?

நெடுக்கச் சூத்திரம் 34.6 மீட்டர் என்கிறது. கல் பாறை மட்டத்துக்குத் திரும்பி வரும் இடம் அது. தரை இன்னும் 20 மீட்டர் கீழே இருக்கிறது. பாறை உச்சியைத் தொடக்கப் புள்ளியாகவும் மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகவும் கொண்டால் செங்குத்துக் கூறு 10, இடப்பெயர்ச்சி −20. நேரத்தை ‘நே’ எனக் குறித்தால்,

−20 = 10 நே − 5 நே²

தீர்த்தால் நே = 1 + √5, அதாவது 3.24 நொடி. கிடைக்கூறான 17.3-ஆல் பெருக்கினால் தூரம் 56 மீட்டர். சூத்திரத்தை நம்பியவர் 21 மீட்டருக்கு மேல் பிசகியிருக்கிறார்.

குறியில் தவறு செய்பவர் இன்னும் சுவாரசியமானவர். ‘கீழே 20 மீட்டர், மேலே 10, முடுக்கம் 10’ என்று எல்லாவற்றையும் நேர்க்குறியில் போட்டு 20 = 10 நே + 5 நே² என்று எழுதுவார். விடை 1.24 நொடி. திருத்துபவர் சிவப்பு மையில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போய்விடுகிறார். அது போதாது. அதே உயரத்திலிருந்து சும்மா கைவிட்ட கல்லே தரைக்கு வர 2 நொடி எடுக்கும். மேல்நோக்கி எறிந்த கல் 1.24 நொடியில் எப்படி வந்து சேரும்? இந்த ஒரு கேள்வியிலேயே தவறு வெளிப்பட்டுவிடும். அந்த 1.24 எங்கிருந்தோ வந்த எண்ணும் அல்ல. அதே வேகத்தில் 30 பாகை கீழ்நோக்கி எறிந்திருந்தால் கிடைக்கும் சரியான விடை அது. மாணவர் போட்ட கணக்கு சரி, ஆனால் அது வேறொரு கல்லின் கணக்கு.

சரியான சமன்பாட்டின் இரண்டாவது மூலம் −1.24. ‘நேரம் எதிர்க்குறி ஆகாது, தள்ளிவிடுக’ என்பதே வகுப்பில் வழக்கமான வாக்கியம். தள்ளுவதற்கு முன் அது என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். இதே பரவளையத்தைப் பின்னோக்கி நீட்டினால் தரையைத் தொடும் இடம் ஒன்று உண்டு. அங்கிருந்து கிளம்பிய கல், பாறை உச்சியை இதே திசைவேகத்தோடு கடக்க 1.24 நொடி முன்பே புறப்பட்டிருக்க வேண்டும். இரண்டு மூலங்களுக்கும் பொருள் இருக்கிறது. கேட்ட கேள்விக்கு உரியது ஒன்று மட்டும்.

45 பாகையில் எறிந்தால் தூரம் அதிகம் என்ற மனப்பாடமும் பாறை மேல் செல்லாது. மேலே உள்ள எண்களுக்கு 45 பாகையில் 54.6 மீட்டர்தான் வருகிறது, 30 பாகையைவிடக் குறைவு. பெரும தூரம் 56.6 மீட்டர், அதற்குரிய கோணம் 35.3 பாகை. அந்தக் கோணத்தில் எறியும்போது தொடக்கத் திசைவேகமும் தரையில் விழும் திசைவேகமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைகின்றன. ஆர்வமுள்ள மாணவருக்கு நிறுவக் கொடுக்கத் தக்க அழகான முடிவு. 30-க்கும் 60-க்கும் ஒரே நெடுக்கம் என்ற இணையும் இங்கே உடைகிறது. 60 பாகையில் கல் 43.8 மீட்டரில் விழுந்துவிடும்.

காற்றை மறக்கலாமா என்பது பொருளையும் வேகத்தையும் பொறுத்தது. 0.4 நொடி பறக்கும் மரநாடாவில் காற்றின் பங்கு பொருட்படுத்தத் தக்கதல்ல. கிரிக்கெட் பந்து நொடிக்கு 20 மீட்டரில் போகும்போது காற்றின் தடை அதன் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகி எடையையே எட்டிப் பிடிக்கிறது. சிக்சருக்குப் போகும் பந்தைப் பரவளையம் என்று வரைந்து காட்டும் ஆசிரியர், ‘காற்றுத் தடையைப் புறக்கணிக்க’ என்ற வரியை வினாவின் மூலையில் ஒளித்து வைக்காமல் முதலிலேயே வாசித்துக் காட்ட வேண்டும்.

நீட், ஜே.இ.இ. பயிற்சிகள் ஒரு நிமிடத்தில் ஒரு விடை கேட்கின்றன. சமதளச் சூத்திரம் அங்கே உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பள்ளித் தேர்வின் விரிவான விடைக்கு அந்த அவசரம் இல்லை. மாதிரி வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் எறிபொருள் பகுதியில் எறிந்த மட்டத்தில் விழாத கணக்கு ஒன்றையாவது சேர்க்க வேண்டும். தொடக்கப் புள்ளியையும் குறி மரபையும் எழுதியவருக்கு, விடை தவறினாலும், ஒரு மதிப்பெண் தர வேண்டும்.