வேதிப்பொறியியல் நேர்காணல்



பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் சிலவற்றில் வேதிப்பொறியியல் பட்டதாரிகளை முதலில் வடிகட்டுவது கேட் (GATE) தேர்வு மதிப்பெண். அதன்பின் குழு விவாதம், நேர்காணல். கேட்டுக்குப் பயிற்சி மையங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. பலர் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில்தான்.

நேர்காணல் பெரும்பாலும் அடிப்படைகளில் தொடங்கும். மையவிலக்கு பம்பை வரையச் சொல்வார்கள். வரைந்ததும், உறிஞ்சும் பக்கத்து வால்வைப் பாதி மூடினால் என்ன ஆகும் என்பார்கள். நுழைவில் அழுத்தம் திரவத்தின் ஆவியழுத்தத்துக்குக் கீழே இறங்கினால் குமிழிகள் உண்டாகும். அழுத்தம் கூடும் இடத்தில் அவை உடைந்து இம்பெல்லரை அரிக்கும். பம்புக்குள் சரளைக்கல் உருளுவதுபோல் சத்தம் கேட்கும். 'கேவிடேஷன்' என்று பெயரை மட்டும் ஒப்பித்து நிறுத்துபவர் ஆலைக்குள் கால் வைக்காதவர் என்பது அங்கேயே தெரிந்துவிடும். காய்ச்சி வடிக்கும் கோபுரத்தில் ரிஃப்ளக்ஸைக் கூட்டினால் தூய்மை கூடும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். ரீபாய்லரின் நீராவிச் செலவும் கூடும் என்பதைச் சொல்பவர் குறைவு.

பாதுகாப்பு பற்றிய கேள்விக்கு 1984 போபால் விபத்தின் தேதி போதாது. வேதிப்பொருள் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்ததையும், குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்ததையும், ஃப்ளேர் செயல்படாமல் கிடந்ததையும் காரண வரிசையில் விளக்க வேண்டும்.

குழு விவாதத்தில் உரக்கப் பேசுவது பலன் தராது. பிறர் சொன்னதை எடுத்து வளர்ப்பதும், நேரத்துக்குள் முடிவுக்குக் கொண்டுவருவதும் கவனிக்கப்படும்.

இறுதியாண்டு புராஜெக்ட்டைக் கடைசியில் கேட்பார்கள். காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட் என்றால், அந்த வினைக்கு அந்த வெப்பநிலை ஏன் என்ற ஒரே கேள்வியில் சாயம் வெளுத்துவிடும்.